விசில் சார் எழுதிய பரீட்சை

அந்த வருஷம் மழை பிடித்தது, விடுவேனா என்றது. பள்ளிக்கூட மைதானம் குளமாகிவிட்டது. கோல் கம்பங்கள் இரண்டும் முழங்கால் தண்ணீரில் நின்றன. நடுக்கோட்டுப் பக்கம் தவளைகள் குடித்தனம் நடத்தின. விளையாட்டு ஆசிரியருக்குச் செய்ய வேலையே இல்லை. பந்துகளை அலமாரியில் அடுக்கினார், கயிறுகளைச் சுருட்டி ஆணியில் மாட்டினார், பிறகு எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினார்.

பிள்ளைகள் அவரை விசில் சார் என்பார்கள். வாயைத் திறந்து பேசுவதைவிட விசில்தான் அவருக்கு வசதி. நீளமாக ஊதினால் வரிசையில் நிற்க வேண்டும், விட்டுவிட்டு ஊதினால் ஓட வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டே ஊதினால் யாரோ வசமாக மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். வீட்டிலும் இப்படித்தானா என்று யாரோ அவர் மனைவியிடம் கேட்டதற்கு, செருப்பு கழற்றும் இடத்திலேயே அதையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார் என்று அந்த அம்மாள் சொன்னாராம். ஐம்பதைத் தாண்டியும் ஆள் கம்பி மாதிரி இருப்பார். மாடிப்படியை இரண்டிரண்டாகத்தான் ஏறுவார்.

அந்த மாடிப்படியில்தான் கணக்கு டீச்சர் வழுக்கி விழுந்தார். மழை ஈரம், கையில் நோட்டுக் கட்டு, காலடியைப் பார்க்கவில்லை. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். மாற்று ஆசிரியர் கேட்டுத் தலைமையாசிரியை அலையாத இடமில்லை. எங்கும் ஆள் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்குத்தான் அவசரம். வருஷம் முடியச் சில மாதங்கள் இருக்கும்போதே அவர்களுக்கு அல்ஜீப்ராவில் ஒரு பரீட்சை உண்டு. ஒன்பதாவது வரை படித்த அடிப்படையெல்லாம் கைவசம் இருக்கிறதா என்று பார்க்கிற பரீட்சை. தேறியவர்கள் பத்தாவதில் உயர்கணிதப் பிரிவுக்குப் போகலாம். தேறாதவர்கள் பொதுக்கணிதப் பிரிவு. பொதுக்கணிதம் ஒன்றும் பாவமில்லை. ஆனால் அதற்குள் போனால் அதற்குப் பிறகு அறிவியல் பக்கம் திரும்ப முடியாது. பதினான்கு வயதில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.

தலைமையாசிரியை விசில் சாரைக் கூப்பிட்டனுப்பினார். மைதானம் காயும்வரை அவருடைய பீரியடுகளில் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்றார். சார் வேறு எந்தப் பாடமானாலும் பரவாயில்லையே என்று இழுத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம் சார். சத்தம் போடாம பாத்துக்குங்க, போதும். கேள்வித்தாள் எல்லாம் டீச்சர் வீட்ல இருந்து வந்துரும். எழுத வெச்சு, வாங்கி, அவங்ககிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டீங்கன்னா உங்க வேல முடிஞ்சுது."

மறுத்துச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் அது வெளியே சொல்லக்கூடிய காரணம் இல்லை.

விசில் சார் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நானூறு மீட்டர் ஓட்டத்தில் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. அப்பா லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். மகன் ஓடுவதைப் பார்க்கக் கிரீஸ் கையோடு வந்து வேலிக்கு வெளியே நிற்பார். ஓட்டத்தில் கிடைத்த கோப்பைகள் வீட்டில் வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. கணக்கில்தான் பையன் கோட்டை விட்டான். எண்கள் எண்களாக இருந்தவரை சமாளித்துவிட்டான். ஏழாம் வகுப்பில் நடுவில் எழுத்து வந்து உட்கார்ந்ததும் ஒன்றுமே புரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஓட்டப்பந்தயப் பயிற்சிக்கென்று வெளியூர் போய், திரும்பி வந்தபோது வகுப்பு எங்கோ போய்விட்டிருந்தது. எட்டிப் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தான், பிடிக்கவில்லை. பள்ளி இறுதிப் பரீட்சையில் கணக்கில் இரண்டு தடவை தோற்றான். மூன்றாம் தடவை அல்ஜீப்ராப் பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு, வட்டியும் பரப்பளவும் முக்கோணமும் போட்டு, விளிம்பில் தொற்றிக்கொண்டு கரையேறினான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் எதையாவது விளக்க ஆரம்பித்தால், மைதானத்தில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்.

இப்போது மைதானத்துக்கும் போக வழியில்லை.

முதல் நாள் வகுப்பில் கேள்வித்தாளைக் கொடுத்தார். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காக டீச்சர் தயாரித்த முன்சோதனை அது. அடைப்புக்குறியை நீக்குவது, ஒரே மாதிரி உறுப்புகளைச் சேர்ப்பது, சமன்பாட்டைத் தீர்ப்பது, காரணிப்படுத்துவது, கோடு வரைவது என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம். பிள்ளைகள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். வெளியே மழை. சார் மேசையில் உட்கார்ந்தார், எழுந்தார், சன்னல் வரை போய் வந்தார். ஒரு தாள் மீந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் பேனாவைத் திறந்தார்.

அன்று அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு அவராலேயே சொல்ல முடியவில்லை. சும்மா கையை வைத்துக்கொண்டு உட்கார முடியாத சுபாவம்தான் என்பார். எது எப்படியோ, மணி அடிக்கும்போது அவரும் எழுதி முடித்திருந்தார். தாள்களைச் சேகரித்தபோது தன்னுடையதையும் நடுவில் செருகினார். பேர் எழுதவில்லை.

கணக்கு டீச்சர் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், தையல் கடைக்கு மேலே. அவரும் அவருடைய அண்ணனும்தான். அண்ணன் கதவைத் திறந்து, குடையை வாங்கி வைத்து, கேட்காமலேயே டீ போட உள்ளே போனார். டீச்சர் மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, மடியில் பலகை வைத்து, வந்த வேகத்திலேயே தாள்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். விசில் சாரைவிட இருபது வயதாவது சின்னவர். ஆனால் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் வயது தெரியாது.

அவர் திருத்துகிற விதத்தைச் சார் அன்றுதான் பார்த்தார். விடை தப்பென்றால் குறுக்கே கோடு போடுவதில்லை. மேலேயிருந்து வரி வரியாக இறங்கி வருவார். எந்த இடத்தில் பிள்ளை தடம் மாறியதோ அங்கே ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டங்களை வைத்துத் தாள்களைத் தனித்தனிக் குவியலாகப் பிரித்தார். இவர்களுக்கு எல்லாம் மைனஸ் தகராறு, இவர்களுக்கு வர்க்கம் தகராறு, இவர்கள் கணக்குப் போடத் தெரிந்தும் அவசரக் குடுக்கைகள் என்றார். மதிப்பெண்ணைப் பார்த்தால் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிவார்கள், வட்டத்தைப் பார்த்தால்தான் ஆளுக்கு ஆள் வேறு என்று புரியும் என்றார்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது யாரு சார்? பேர் போடல."

சார் டீயை உற்றுப் பார்த்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு. புதுசா சேந்த பிள்ளையா? பாவம், இந்தப் பிள்ளைக்கு அடைப்புக்குறியக் கண்டாலே பயம். பாருங்க, ஏழுல இருந்து ரெண்டு இன்ட்டு எக்ஸ் மைனஸ் மூணக் கழிக்கணும். ரெண்ட மொத உறுப்புக்கு ஒழுங்கா பெருக்கியிருக்கு. அடுத்ததுக்கு வரும்போது மைனஸ மறந்துருச்சு. எல்லாக் கணக்குலயும் இதே எடம். இது இந்த வருஷத்துத் தப்பே இல்ல சார். ஏழாவதுல விட்டது. யாரும் கவனிக்காம இத்தன வருஷம் இழுத்துட்டு வந்துருக்கு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், சாரின் முகத்தைப் பார்த்தார். காது நுனி வரை சிவந்திருந்தது. சார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாந்தான் டீச்சர்."

டீச்சர் சிரித்துவிடுவார் என்று சார் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. பலகையைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, சிவப்புப் பேனாவை நீட்டினார்.

"எக்ஸுக்கு மூணு போட்டுப் பாருங்க. மொதல்ல கேள்வியில."

மூன்றிலிருந்து மூன்று போனால் பூஜ்யம். இரண்டு பூஜ்யம், பூஜ்யம். ஏழு அப்படியே நிற்கும். சார் ஏழு என்றார். இப்போது உங்கள் விடையில் போடுங்கள் என்றார் டீச்சர். சார் எழுதியிருந்த விடை ஒன்று கழித்தல் இரண்டு எக்ஸ். போட்டுப் பார்த்தார். மைனஸ் ஐந்து வந்தது.

"ஏழும் மைனஸ் அஞ்சும் ஒண்ணா?"

இல்லை என்றார் சார். அப்படியானால் எங்கோ தப்பு இருக்கிறது, நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிட்டது பாருங்கள் என்றார் டீச்சர். சார் மறுபடி கணக்கைப் போட்டார். இந்தத் தடவை மைனஸும் மைனஸும் சேருகிற இடத்தில் நின்று நிதானித்து, கூட்டல் ஆறு என்று எழுதினார். பதின்மூன்று கழித்தல் இரண்டு எக்ஸ். மூன்றைப் போட்டார். ஏழு வந்தது.

நடுச்சாலையில் கிடக்கிற சின்னக் கல்லை இத்தனை வருஷமாகச் சுற்றிக்கொண்டு போய் வந்தவர் மாதிரி சார் அந்த ஏழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியை உட்காரவைத்து இதைச் சொன்னார். சட்டையைக்கூட மாற்றவில்லை. "விடை சரியா தப்பான்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல, தெரியுமா? நாமளே போட்டுப் பாத்துக்கலாம்." மனைவி ஈரத் துண்டைக் கையில் கொடுத்து, அது எனக்குத் தெரியுமே, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே என்றார். சாருக்குக் கோபமே வந்துவிட்டது. தெரிந்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்டால்தானே என்றார் மனைவி. நியாயமாகத்தான் பட்டது. சார் தலையைத் துவட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அந்த மாடி வீட்டுக்குப் போனார். மறுநாள் வகுப்பில் என்ன செய்ய வேண்டுமோ அதைத் தான் முதலில் செய்து பார்த்தார். டீச்சர் சொல்லித்தரும்போது கறார். தெரிந்த மாதிரி தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவார். ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொல்லத் தெரியவில்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. டீயோடு வந்து நின்று, "சாருக்கு இன்னிக்கு என்ன வட்டம்?" என்று கேட்பார்.

வகுப்பிலும் விஷயத்தை மூடி மறைக்க வேண்டாம் என்று சார் முடிவு செய்தார். டீச்சர் தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, பிள்ளைகள் தங்கள் தங்கள் வட்டங்களைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, தன்னுடைய தாளையும் கரும்பலகையில் ஒட்டினார். பள்ளியில் இரண்டு தடவை கணக்கில் தோற்றவன் நான், இந்தத் தாளிலும் உங்களில் பாதிப் பேருக்குக் கீழேதான் நிற்கிறேன் என்றார். முன்வரிசைப் பிள்ளை ஒன்று, அப்படியானால் நீங்கள் எப்படி வாத்தியாரானீர்கள் என்று கேட்டது. "ஓடித்தான்," என்றார் சார். அதற்கு எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. விசிலை ஊத வேண்டியதாயிற்று.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து கோலி எழுந்தாள். பெண்கள் பந்தாட்டக் குழுவின் கோல்காப்பாளர், அதனால் கோலி. நெட்டையான பெண். பந்து எங்கே வரும் என்று பந்தை உதைக்கிறவளுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். கணக்கில் மட்டும் எது எங்கே வருகிறது என்று அவளுக்குத் தெரியாது.

"அப்ப கடைசிப் பரீட்சைய நீங்களும் எங்களோட எழுதுவீங்களா சார்?"

கேலியாகத்தான் கேட்டாள். முப்பது முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுதுகிறேன் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பாடம் நடந்தது என்று சொல்வதைவிட, எல்லோரும் சேர்ந்து தடவித் தடவி நடந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். டீச்சர் பிரித்துக்கொடுத்த குவியல்படி சார் பிள்ளைகளைக் குழுக்களாக உட்காரவைத்தார். ஒவ்வொருவருக்கும் வெள்ளைப் பூச்சுப் பூசிய சின்ன அட்டை ஒன்று. சார் கணக்கைச் சொல்லி விசில் ஊதினால் எழுதி, இரண்டாம் விசிலுக்குத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரே பார்வையில் யார் எங்கே வழுக்கினார்கள் என்று தெரிந்துவிடும். தனக்கே புரியாத இடம் வந்தால் சார் அதைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, டீச்சரைக் கேட்டுக்கொண்டு நாளை வருகிறேன் என்பார். கொஞ்ச நாளில் பிள்ளைகளே, வேண்டாம் சார், நாங்கள் போட்டுப் பார்க்கிறோம் என்று முந்திக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

கோலியின் தகராறு வர்க்கம். எக்ஸ் கூட்டல் மூன்று, முழுவதும் வர்க்கம் என்றால் எக்ஸ் வர்க்கமும் ஒன்பதும் என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவாள். எக்ஸுக்கு ஒன்று போடு என்றார் சார். நான்கின் வர்க்கம் பதினாறு. அவள் விடையில் பத்துதான் வந்தது. மீதி ஆறு எங்கே போயிற்று என்று அவளும் சாரும் சேர்ந்து தேடினார்கள். கட்டம் போட்டு, நீளத்தையும் அகலத்தையும் பிரித்துப் பார்த்தபோது, பக்கவாட்டில் இரண்டு நீளத் துண்டுகள் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தன. ஓரத்தில் நிற்பவளை எப்போதும் மறந்துவிடுகிறோம் என்றாள் கோலி. பந்தாட்டத்தில் அவளுக்கு அந்த வருத்தம் உண்டு.

பரீட்சை நாளும் வந்தது. சார் உண்மையாகவே எழுத வருவார் என்று தலைமையாசிரியை நினைக்கவில்லை. கடைசி பெஞ்சில் பேனாவும் அளவுகோலுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, இன்னொரு கேள்வித்தாளை எடுத்துவரச் சொன்னார். மேற்பார்வைக்கு வேறு பள்ளியிலிருந்து வந்திருந்தவர், இவர் யார் என்று கேட்டார். பழைய மாணவர் என்று பதில் சொன்னார்கள்.

முடிவு வந்தபோது வகுப்பில் முக்கால்வாசிக்கு மேல் தேறியிருந்தார்கள். கணக்கு ஆசிரியர் இல்லாத வருஷத்துக்கு இது அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்கு பிள்ளைகள் தேறவில்லை. கோலி அதில் ஒருத்தி. ஐந்தாவதாகத் தேறாதவர் விசில் சார்.

அவருக்குத் தனக்காக அவ்வளவு வருத்தம் இல்லை. கோலியை நினைத்துத்தான் மனசு கேட்கவில்லை. பந்தாட்டப் பயிற்சி மறுபடி தொடங்கியபோது அவள் வரவில்லை. மழை விட்டு, மைதானத்தில் ஒரு மூலை காய்ந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகப் பந்தை எடுத்த நாள். கோல் கம்பங்களுக்கு நடுவில் வேறு யாரோ நின்றாள். சார் கோலியைத் தேடிக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு வராது சார். விட்டுருங்க."

சார் பக்கத்தில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த தன் விடைத்தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மதிப்பெண்ணைப் பார்த்தாள். அவளுடையதைவிடக் குறைவு. பிறகு விரலால் வரி வரியாக இறங்கி வந்தாள், டீச்சர் செய்கிற மாதிரியே.

"இது என்ன சார்? எக்ஸ் மைனஸ் ரெண்டு, எக்ஸ் பிளஸ் மூணுன்னு பிரிச்சிருக்கீங்க. ரெண்டையும் பெருக்குனா பிளஸ் ஆறு வரணும், கூட்டுனா மைனஸ் அஞ்சு வரணும். அப்ப ரெண்டுமே மைனஸாத்தான இருக்கணும்?"

சார் தாளை வாங்கிப் பார்த்தார். கையிலேயே பெருக்கிப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான்.

"இது தெரிஞ்சவளா வராதுங்கற?" என்று கேட்டார்.

அவள் எழுந்து போகவில்லை. தேறாதவர்களுக்கு மறுபரீட்சை ஒன்று உண்டு, விட்ட பகுதியை மட்டும் எழுதினால் போதும், நான் எழுதத்தான் போகிறேன், தனியாக எழுத எனக்குப் பயமாக இருக்கிறது என்று சார் சொன்னார். அது வெறும் சமாதானம் இல்லை, அவருக்கு உண்மையிலேயே பயமாகத்தான் இருந்தது. கோலிக்கு அது புரிந்திருக்க வேண்டும். மறுநாள் பயிற்சிக்கு வந்தாள். பயிற்சி முடிந்ததும், கையுறையைக் கழற்றாமலேயே கணக்குக்கும் வந்தாள்.

மற்ற மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். விளையாட்டுச் சாமான் அறைதான் இடம். பாய்களை விரித்து, பந்து மூட்டைகளில் சாய்ந்துகொண்டு, ஐந்து பேரும் ஒருவர் தாளை இன்னொருவர் திருத்தினார்கள். சண்டை நடக்காத நாளில்லை. சார் தப்புச் செய்தால் அவருக்கு ஒரு சுற்று ஓட்டம் என்று பிள்ளைகள் சட்டம் போட்டார்கள். அந்த நாட்களில் அவர் நிறைய ஓடினார். அவர்களில் பாட்டுக்காரி என்று ஒருத்தி இருந்தாள், எதைச் செய்தாலும் முனகிக்கொண்டே செய்கிறவள். அவள் மட்டும் ஒருநாள், எனக்கு உயர்கணிதம் வேண்டாம் சார், பொதுக்கணிதத்தில் இருந்தால் இசைக்கு நேரம் கிடைக்கும், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன் என்றாள். சார் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்று விடுவது வேறு, வராது என்று விடுவது வேறு என்று மட்டும் சொன்னார். அதனால் அவளும் கடைசிவரை உட்கார்ந்து, பரீட்சையும் எழுதி, நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டு, சொன்னபடியே பொதுக்கணிதத்துக்குப் போனாள்.

கோலி தேறினாள். பிரமாதமாக இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். இன்னொரு பிள்ளையும் தேறியது. ஒன்று தேறவில்லை. அந்தப் பையனுக்காகச் சார் தலைமையாசிரியையிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. அதில் அவருக்குக் கடைசிவரை ஒரு குறைதான். எங்கே விட்டோம் என்று அவன் தாளை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தார். ஒரு வட்டம் இல்லை, பல வட்டங்கள் இருந்தன. இன்னும் கொஞ்சம் நாள் கிடைத்திருந்தால் என்று டீச்சரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நம்மால் எல்லாரையும் பிடித்துவிட முடியாது சார் என்றார் டீச்சர். தனக்கும் அப்படி விட்டுப்போன பிள்ளைகள் உண்டு, பேர்கூட மறக்கவில்லை என்றார்.

சார் தேறினாரா என்று கேட்பீர்கள். தேறினார். டீச்சர் தாளை நீட்டினபோது அவர் வாங்கவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன்தான் எட்டிப் பார்த்து விஷயத்தைப் போட்டுடைத்தார். சார் தலையாட்டினார். குடையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு, இங்கே ஒரு சமக் குறி விட்டுவிட்டீர்களே என்றார். சொல்லிவிட்டுத் தாளை அலமாரியில் பத்திரமாக வைத்தார்.

அதற்குள் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் விறைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சருக்கு நடப்பது என்றாலே வேப்பங்காய். தெருவில் வண்டி, மொட்டைமாடியில் வெயில், சாயங்காலம் நோட்டுத் திருத்த வேண்டும் என்று தினம் ஒரு சாக்கு. அண்ணன் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் பள்ளிக்கே வந்து விசில் சாரிடம் முறையிட்டார்.

மறுநாளிலிருந்து டீச்சரை மைதானத்துக்கு வரவழைத்தார் சார். கையில் ஊன்றுகோல், முகத்தில் சிணுங்கல். ஓட்டப்பாதையை ஒட்டிச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நடக்க வேண்டும். முதல் வாரம் பாதிச் சுற்றுக்கே உட்கார்ந்துவிட்டார். வலிக்கிறதா என்று சார் கேட்டார். வலி இல்லை, பயமாக இருக்கிறது, மறுபடி விழுந்துவிடுவேனோ என்று ஒவ்வொரு அடிக்கும் தோன்றுகிறது என்று டீச்சர் ஒத்துக்கொண்டார். அந்தப் பேச்சை அவர் வேறு யாரிடமும் பேசியிருக்கவில்லை. சார் அவருடைய இடப்பக்கம் வந்து, கை எட்டுகிற தூரத்தில் நடந்தார். பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் சார் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தபோது, டீச்சர் வளைவில் கோட்டை விட்டுக் குறுக்கே புல்லில் இறங்கி, தூரத்தைச் சுருக்கிக்கொண்டு வருவதைக் கண்ணோரத்தில் பார்த்துவிட்டார். சுற்று முடிந்தது என்று டீச்சர் மூச்சிரைக்க அறிவித்தார்.

"முடியல டீச்சர். அந்த மூலைக்குப் போய்ட்டு வாங்க."

"நான் போனேன் சார்."

"போகல. நான் பாத்தேன்."

டீச்சர் ஏதோ வாதாட வாயெடுத்து, மாடிச் சன்னலில் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். ஊன்றுகோலை எடுத்தார். திரும்பிப் போய், மூலை வரைக்கும் கோட்டின்மேலேயே நடந்து, வளைவில் ஒரு கணம் நின்று, மறுபடி நடந்தார். கோலி மாடியிலிருந்து இறங்கி வந்து அவரோடு கூட நடந்தாள். அந்த மாதக் கடைசியில் டீச்சர் ஊன்றுகோலை ஆசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மாடி ஏறி வகுப்புக்குப் போனார். விசில் சார் அன்று மட்டும் இரண்டிரண்டாக ஏறாமல், அவருக்குப் பின்னால் ஒவ்வொரு படியாகவே ஏறினார்.